கடைசி வரிசையில் பெரிய மேடம்

எங்கள் கோளரங்கத்தில் வானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒரே வீட்டு மருமகள்கள், அண்ணன் மனைவி பெரிய மேடம், தம்பி மனைவி சின்ன மேடம். டிக்கெட் கொடுக்கும் எனக்குத் தெரிந்து, பெரிய மேடம் பேச்சில் யாரும் தப்புக் கண்டுபிடித்ததில்லை. கொட்டாவி விடாமல் கேட்டவர்களும் குறைவு.

இருண்ட பொருள், இருண்ட ஆற்றல் பற்றிப் புதிய காட்சி வந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, இயக்குநர் இருவரையும் ஆளுக்கொரு நாள் பேசச் சொன்னார். பெரிய மேடம் தன் பேச்சை முடித்த மறுநாள், சின்ன மேடத்தின் முறை வந்தபோது, என் ஜன்னலில் வந்து நின்றார்.

"கடைசி வரிசையில ஒரு டிக்கெட் குடுங்க."

"உங்களுக்கு எதுக்கு மேடம் டிக்கெட்?"

"அவ எங்க உளறுறான்னு பாக்கணும்."

வயிற்றெரிச்சலை இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? விளக்கு அணைந்ததும் நானும் கதவோரம் போய் நின்றேன்.

சின்ன மேடம் உளறவில்லை. இருண்ட பொருள் வெளிச்சத்தோடு ஒட்டுறவே இல்லாத துகள்கள் என்பது ஒரு கட்சி, ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்பது இன்னொரு கட்சி, யாரும் இன்னும் எதையும் பிடித்துக் காட்டவில்லை என்று சுத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "கண்ணுக்கே தெரியலன்னா, இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்ல ஒருத்தங்க இருக்காங்க. எதுலயும் முன்னால வந்து நிக்க மாட்டாங்க. ஆனா அவங்க ரெண்டு நாள் வெளியூர் போனா சாவி கிடைக்காது, சோறு கிடைக்காது, ஆளுக்கொரு மூலைல நின்னு கத்துவோம். அவங்க பிடிச்சு வச்சிருக்கறதாலதான் நாங்க சிதறாம சுத்திட்டிருக்கோம். நட்சத்திரக் கூட்டத்தையும் அப்படி ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கு."

"அப்ப இருண்ட ஆற்றல்?"

"அது எல்லாத்தையும் விலக்கிட்டே போகும். வெற்றிடத்தோட குணமே அதுதான்னு சிலர் சொல்றாங்க, காலத்தோட மாறுதுன்னு சிலர் சொல்றாங்க. எங்க வீட்ல அது நான்தான். நான் வந்ததுல இருந்து அக்கா விலகி விலகிப் போறாங்க."

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. பெரிய மேடம் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"உங்களைத்தான் சொன்னாங்க மேடம். எவ்வளவு பெருமையா!"

"எனக்குத் தெரியாதா? அதே வீட்லதானே நானும் இருக்கேன்? இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணவே இல்லையே!"

நேராக இயக்குநர் அறைக்குள் போனார். காட்சியை அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. திரும்பி வந்தவரிடம், சின்ன மேடத்துக்குச் சொல்லட்டுமா என்றேன்.

"மூச்சு விடாதீங்க. நாளைக்கு அதையும் கதையாச் சொல்லிக் கைதட்டு வாங்கிடுவா."