ஆரம்பாக்கம் வரைக்கும்

அணுகுண்டு வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு கன்னியாகுமரியிலிருந்து நடந்து வந்தவர்கள், கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சர்ச் ஹாலில் தங்கினார்கள். இருபது பேருக்குள் இருப்பார்கள். பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள். மலையாளிகள் சிலர், தலையை மழித்த ஜப்பான்காரர் ஒருவர், வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர். தெருப் பெண்கள் சேர்ந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். என் மனைவியும் போயிருந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்ததால் சாவி வாங்க ஹாலுக்குப் போனேன்.

அவள் சாப்பாடு போடுகிற பக்கம் இல்லை. சுவரோரம் பெரிய அட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஜப்பானில் குண்டு விழுந்த ஊர்களில் எடுத்த படங்கள். உடம்பெல்லாம் வெந்து, பாயில் குப்புறக் கிடந்த ஒருவரின் படத்துக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் வந்ததைக் கவனிக்கவில்லை. சாவி கேட்டேன். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தாள். நான் வந்துவிட்டேன். அவள் எதை நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய தம்பியும் நானும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்தோம். சில வருஷங்களுக்கு முன்பு, பழைய இரும்போடு கலந்து வந்த ஏதோ ஒரு மூடின உருளை உலைக்குள் போய் வெடித்தது. உருகின இரும்பு அவன் மேல் தெறித்தது. தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் போல இருந்தான். அவள் கட்டிலை விட்டு நகரவே இல்லை. அவன் போன பிறகு நாங்கள் அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. நான் அதே உலைக்குத்தான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். அவள் தினமும் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நானும் அவங்க கூட ஆரம்பாக்கம் வரைக்கும் நடந்துட்டு வரேன்யா. வரும்போது பஸ்ஸுல வந்துடுவேன்."

"கம்பெனிக்கு?"

"லீவு சொல்லிட்டேன்."

அவள் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். அநாவசியமாக ஒரு நாள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. ஆரம்பாக்கம் என்ன, பக்கத்தில்தான் இருக்கிறது, அதோடு தமிழ்நாடு முடிந்துவிடும் என்று நினைத்து, சரி என்றேன்.

சாயந்திரம் போன் வந்தது. "தடாவுல கீறேன்யா, ஆந்திராவுல. இங்க இவங்க யாருக்கும் தெலுங்கு வர்ல. ஜனங்க வந்து நின்னு பார்த்துட்டு ஒண்ணும் புரியாம போறாங்கோ. நான்தான் தெலுங்குல எடுத்து சொன்னேன். நாளைக்கு சூளூர்பேட்டை போய்ட்டு வந்துடறேன்."

அவளுடைய அம்மா வீடு அந்தப் பக்கம்தான். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். சூளூர்பேட்டைக்குப் போனதும் இன்னும் ஒரு நாள் என்றாள். அதற்கடுத்த நாள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பையன் ஒரகடத்தில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருக்கிறான். அதனால் வீட்டில் நான் மட்டும்தான். சோறு வடிக்கத் தெரியும், குழம்பு கடையில் வாங்கினேன்.

கம்பெனியில் விஷயம் பரவிவிட்டது. கிரேன் ஓட்டுகிறவன் கேட்டான், "இன்னா நைனா, அண்ணி கோச்சிக்கினு போய்ட்டாங்களாமே?"

"அணுகுண்டுக்கு எதிரா நடந்துக்கினு கீது."

"அது எந்த கம்பெனில செய்யறாங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வந்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மாற்றுப் புடவை இல்லாமல் போயிருக்கிறாளே என்று துவைத்த துணி ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். அழைத்து வரப் போகிறவன் துணி எதற்கு எடுத்துப் போனேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

ரயிலில் நாயுடுபேட்டையில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வாசலில் அவர்கள் நின்றிருந்தார்கள். அவள் கையில் மைக். ஐந்தாறு நாளில் முகம் நன்றாகக் கறுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெலுங்கு பாதிதான் புரியும். "மா தம்முடு" என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

தன் தம்பியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். உலை வெடித்தது, அவன் உதடு மட்டும் வேகாமல் இருந்தது, அவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. என் தம்பிக்கு ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார், பக்கத்தில் உட்கார நான் இருந்தேன். ஒரு ஊரே அப்படி வெந்து கிடந்தால் யார் யாருக்குத் தண்ணி கொடுக்கிறது?

ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவள் மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"எப்போ வந்த? நாஷ்டா துன்னியா?"

"ஆச்சு."

மத்தியானம் கிளம்பினார்கள். நானும் கூட நடந்தேன். கண்டெய்னர் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போன அந்த ரோட்டோரத்தில், ஜப்பான்காரர் முன்னால் ஒரு சின்னத் தட்டு மேளத்தை ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டு போனார். நாங்கள் கடைசியில் வந்தோம். அவள் லேசாகச் சாய்ந்து நடந்தாள். குதிகாலில் கொப்புளம். வெகு நேரம் கழித்துக் கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்லியே."

"நீ தினம் அங்கதானே போற. உங்கிட்ட எப்டி பேசறது? பேசிட்டு, காலைல சோத்த கட்டிக் குடுத்து அனுப்ச்சுட முடியுமா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "அவன் ஆஸ்பத்திரில ஒரு வாட்டி உன்ன கேட்டான். மாமா கைக்கு ஒண்ணும் ஆவலியேன்னு." அவனைத் தூக்கியபோது என் உள்ளங்கையும் பொசுங்கியிருந்தது. அவன் அதைக் கவனித்திருந்தான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊட்டுக்கு வா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. துணிப்பையைக் கொடுத்தேன். வழியில் ஒரு வீட்டில் மாற்றிக்கொண்டு வந்து அவள் கொடுத்த அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு, எதிரில் வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவலி பக்கம் போய்ச் சேர்ந்தேன். இந்த முறை பழைய ஷூ போட்டுக்கொண்டு போனேன். வெள்ளைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து இன்னொரு ஜோடி சாக்ஸ் எடுத்துக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்று போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டுக்கொண்டேன். பேனரின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்கள். காற்றில் அது படகுப் பாய் மாதிரி இழுத்தது. நன்றாக வெயில் ஏறும்வரை நடந்தோம். வழியில் ஒரு பள்ளிக்கூடத் திடலில் கூடியிருந்த ஊர்க்காரர்களிடம் அவள் பேசும்போது நான் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன். தம்பியின் கதையை இப்போது இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். அவன் எப்படிச் சிரிப்பான் என்பதையும் சேர்த்திருந்தாள்.

ஓங்கோலில் தெலுங்கு வாத்தியார் ஒருவர் லீவு போட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்தார். அதற்கு அடுத்த நாள் அவள் ரயிலேறி வந்துவிட்டாள். "அவுரு நல்லா பேசறாரு. இனிமே நான் எதுக்கு?" என்றாள். கால் ஆறுகிற வரைக்கும் ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு தம்பியின் பேச்சு எங்கள் வீட்டில் சாதாரணமாக வரத் தொடங்கியது. கத்திரிக்காய் நறுக்கும்போது, அவன் இதைத் தொடவே மாட்டான் என்பாள். நான் அவன் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டு கால்வாயில் விழுந்த கதையைச் சொல்வேன். சிரிப்பாள். சில நாள் சொல்லச் சொல்லவே நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்ப்பாள்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்து, என்னை உலையிலிருந்து எடுத்து யார்டில் இரும்பு பிரிக்கிற இடத்தில் போடச் சொல்லிக் கேட்டேன். வண்டியில் வருகிற இரும்பில் மூடின சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்று பார்க்கிற வேலை அது. வெயிலில் நிற்க வேண்டும், உலைக்காரனுக்கு இருக்கிற மதிப்பு கிடையாது.

"ஏன்யா, ஊட்ல சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அவங்க ஒண்ணும் சொல்லல."

மூன்று மாதம் இழுத்தடித்து மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் இன்னொரு கரண்டி வைத்தாள். "தலைக்குத் துண்டு எடுத்துக்கினு போ, வெயிலு" என்றாள். அப்புறம் தானும் தட்டெடுத்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.