சப்பரத்தில் ஏறிய ஸ்பானர்கள்

என் அக்கா அமலோற்பவத்தின் புருஷன் காஸ்பர், செஞ்சியில் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். போன மாதம் காலமானார். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் நல்லவர் என்றார்கள், பக்தியுள்ளவர் என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனாலும் அவர் காதில் விழுந்திருந்தால் அலுப்பாக இருந்திருக்கும். "எந்த ஸ்பானர் எங்க இருக்குதுன்னு கண்ணை மூடிகினு எடுப்பான்யா காஸ்பரு" என்று ஒருவர் சொல்லியிருந்தால் பூரித்துப் போயிருப்பார். அந்தப் பெயரை வாங்க அவர் பட்ட பாட்டை, கூட நின்று கயிறு இழுத்தவன் என்ற முறையில் நான் எழுதிவைக்கிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஓடிய விநாயகம் முதலாளியின் ஒற்றைப் பஸ்ஸுக்கு மாமாதான் வைத்தியர். பஸ் பெரிய ரோட்டில் புளியமரத்தடியில் நிற்கும். மாமா வீடு அங்கிருந்து இரண்டு பர்லாங்கு. மாட்டுவண்டியே ஒருக்களித்து நுழைகிற சந்துக்குள் இருந்தது. வீட்டை ஒட்டி ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு அதற்குப் பட்டறை என்று பெயர் வைத்திருந்தார். பட்டறைக்கு உரியது என்று அதில் நிலைத்து நின்றது அந்தப் பெயர் ஒன்றுதான். ஜாக்கி கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக நிற்கும். பெரிய ஸ்பானரால் அக்கா தேங்காய் உடைப்பாள். திருகாணி முடுக்கும் திருப்புளி சுவரில் ஆணியாக இறங்கி ஜெபமாலையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

வைகாசி அமாவாசையன்று மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் பஸ் பிதுங்க ஏறி உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்ப மறுத்தது. மாமா அடியில் படுத்தார், எழுந்தார், வீட்டுக்கு ஓடினார், ஒரு ஸ்பானரோடு வந்தார். அளவு சரியில்லை. மறுபடி ஓடினார். ஒன்பதாவது தடவை அவர் இரைக்க இரைக்கத் திரும்பியபோது பஸ்ஸில் டிரைவரும், நடக்க மறுத்த ஒரு கிடாவும், கிடாவை விட்டுப் போக மனமில்லாத அதன் சொந்தக்காரரும் மட்டும் மிச்சமிருந்தார்கள்.

விநாயகம் முதலாளி கத்தவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"காஸ்பரு, வைத்தியம் உனக்கு வருது. மருந்துப் பெட்டிதான் இல்ல. ஆடி அமாவாசைக்கு மொத நாள் வண்டியை முழுசாப் பிரிச்சுப் பாக்கணும். அன்னிக்கு உன் சாமானெல்லாம் ஒரே பெட்டியில, வண்டியாண்ட நிக்கணும். ஒரு தரம் நீ வூட்டுக்கு ஓடினாலும் வேலை திண்டிவனத்து அரிகிருஷ்ணனுக்கு. அவன் கேட்டுகினே இருக்கான்."

அந்த ஒரு பஸ்தான் மாமா வீட்டில் எரிந்த அடுப்பு.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமா ஒரு காகிதத்தை எடுத்து வரச் சொன்னார்.

"எழுது, பி.ஏ. மச்சான். ஒண்ணு, பூட்டு இருக்கணும். ரெண்டு, நிறைய இழுப்பறை வேணும். மூணு, சக்கரம். பெட்டி பஸ்ஸாண்ட போவணும் பாரு. நாலு, மலிவா இருக்கணும்."

"அஞ்சு," என்றாள் அக்கா அடுப்பங்கரையிலிருந்து, "தேங்கா உடைக்க ஒரு ஸ்பானரை வெளிய வுட்டுடணும்."

முதலில் திண்டிவனம் போனோம். பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடை ஒன்று அங்கே இருந்தது. ஏழு இழுப்பறையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு நான்கு ரப்பர் சக்கரங்களும் கொண்ட இரும்புப் பீரோ ஒன்றைக் கடைக்காரர் சிமிட்டித் தரையில் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். சத்தமே இல்லாமல் மிதந்து போயிற்று. மாமா அதைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார். விலை கேட்டோம். அந்த விலைக்கு விநாயகம் முதலாளியின் பஸ்ஸில் முன்பாதியை வாங்கிவிடலாம்.

"எங்க ஊரு ரோட்டுல இது போவுமா?" என்று நான் கேட்டேன்.

"ரோட்டுக்குச் சிமிட்டி போட்டுட்டாப் போவும்," என்றார் கடைக்காரர்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா விரல்விட்டுக் காசைக் கணக்குப் பார்த்தார். ஊர் எல்லை வந்த பிறகு பெருமூச்சு விட்டு, "சாவி ரெண்டு குடுக்கறான் மச்சான்," என்றார்.

அடுத்தது சோடாக் கடைக்காரரின் பழைய தள்ளுவண்டி. மலிவுதான். ஆனால் அடிப்பலகை முழுக்கப் பாட்டில் நிற்க ஓட்டை. போட்ட ஸ்பானர் எல்லாம் வழியிலேயே இறங்கிக்கொள்ளும். பிறகு தச்சர் ராஜாங்கத்திடம் போனோம். அவர் கதவு செய்வார், சவப்பெட்டி செய்வார். மாமா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு கரித்துண்டால் தரையில் ஒரு பெட்டியை வரைந்தார். ஆறடி நீளம், தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல்.

"இன்னா ராஜாங்கம், எனக்கே அளவெடுக்கறியா?"

"கை அப்படியே பழகிப்போச்சுண்ணே. இன்னா, மூடி மேல சிலுவை வேணாம்னா வுட்டுடறேன்."

இப்படி ஆனி பிறக்கிற நேரமாயிற்று. அந்தோனியார் திருவிழாவும் வந்தது. திருவிழா முடிந்த மறுநாள் நேர்ச்சையாக வந்த கோழி, தேங்காய் எல்லாம் கோவில் வாசலில் ஏலம் போகும். அந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து புதுச் சப்பரம் வந்துவிட்டதால் பழைய சப்பரத்தையும் ஏலத்தில் வைத்தார்கள். சுரூபத்தை, அதாவது சாமி சிலையை, ஏற்றித் தெருத்தெருவாக இழுத்து வருகிற சின்னத் தேர்தான் சப்பரம். உபதேசியார் யாகப்பன் தொண்டை வற்றக் கூவினார். சாமி உட்கார்ந்த வண்டியை வாங்கி விறகாக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. மாமாவின் கண் மட்டும் கீழேயே இருந்தது. முழங்கால் உயரத்துக்கு நான்கு மரச்சக்கரம், இரும்புப் பட்டை கட்டியது. சக்கரத்துக்கு மேலே பெட்டிபோல அடித்தளம்.

"பதினோரு ரூவா," என்றார் மாமா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

கோவில் பங்குச் சாமியார் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். மேலே உள்ள மண்டபத்தை எடுத்துவிட வேண்டும். நான்கு மூலையிலும் நிற்கிற சம்மனசுகளை, அதாவது சிறகு வைத்த தேவதூதர் பொம்மைகளை, எடுத்துவிட வேண்டும். இது வெறும் வண்டி என்று பார்த்ததும் தெரியவேண்டும். மாமா மண்டபத்தை எடுத்தார். பின்னால் இருந்த இரண்டு சம்மனசுகளையும் எடுத்துக் கோவிலில் சேர்த்தார். முன்னால் இருந்த இரண்டின் காலடியில்தான் கயிறு கட்டும் வளையங்கள் இருந்தன.

"இவங்களை எடுத்துட்டா எதைப் புடிச்சு இழுக்கறது?" என்று விட்டுவிட்டார். அவர் செய்த தவறு அதுதான்.

இழுப்பறை போட வந்த ராஜாங்கம் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சாமி ஏறுன பலகை. மொத வெட்டு நீ வெட்டுண்ணே. பாவம் உனக்கு வரட்டும், கூலி எனக்கு வரட்டும்." மாமா சிலுவை போட்டுக்கொண்டு வெட்டினார். எட்டு இழுப்பறை, எட்டுப் பூட்டு. பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட்டை எல்லாவற்றுக்கும் பூசினார், சம்மனசுகள் உட்பட.

"குளத்துல வுழுந்து எழுந்து வந்தா மாதிரி நிக்குதுங்க ரெண்டும்," என்றாள் அக்கா.

பிறகு நான்கு நாள் அடுக்கினார். கோழிக்கூடு ஜாக்கியை இழந்தது. ஜெபமாலைக்கு நிஜ ஆணி கிடைத்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் ஒரு சாமானின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் கை தடவிப் போய் எடுக்க வேண்டும். நான்காம் நாள் சாயங்காலம் ஒரு பிழை இல்லை. பரீட்சைக்கு நான் அப்படிப் படித்திருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பேன்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் கயிற்றைக் கட்டினோம். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சந்து முனையில் ராயம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண் சற்று மங்கல். பச்சையோ சிவப்போ, சம்மனசு சம்மனசுதானே.

"அந்தோனியாரே!" என்று முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கை நிறைய உப்பும் மிளகும் அள்ளி வந்து பெட்டி மேல் வாரி இறைத்தாள். சப்பரம் வாசலுக்கு வந்தால் அப்படி இறைத்து வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

"சின்னம்மா! இது ஸ்பானர் பெட்டி!"

"தெரியும்டா. இருந்தாலும் அவரு உக்காந்த எடம்தானே. என் மூக்குத்தி நாலு நாளாக் காணோம்."

காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருவதில் அந்தோனியாருக்கு இணையில்லை என்பது ஊரறிந்த விஷயம். மாமா அவசரமாகக் கயிற்றை இழுத்தார். அடுத்த வாசலில் மரியசெல்வி உப்புச் சட்டியோடு வழியை மறித்து நின்றாள்.

"ராயம்மா வாசல்ல நின்னுது, எங்க வாசல்ல நிக்காதா?"

"நேரமாவுது மரியசெல்வி! மொதலாளி காத்துகினு இருப்பாரு!"

"ரெண்டு வருஷம் முன்ன சப்பரம் உங்க வாசல்ல நிக்கலன்னு உபதேசியார் சட்டையைப் புடிச்சது யாருண்ணே?"

அது மாமாதான். ஒரு வாசலில் நின்ற சப்பரம் எல்லா வாசலிலும் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சண்டை அடுத்த திருவிழா வரை ஓயாது. ஆகவே பதினாறு வாசலிலும் நின்றோம். இழுப்பறைச் சந்துகளில் உப்பு சரசரவென்று இறங்கியது.

"உப்பு வேணாம்! இரும்பு துருப் புடிக்கும்! மிளகு மட்டும் போடுங்க!" என்று மாமா கெஞ்சினார். மிளகு விற்ற விலையில் யார் கேட்பார்கள்?

பெரிய ரோடு திரும்பினதும் வேர்க்கடலை விற்கிற அம்மாக்கண்ணு வந்து சக்கரத்தில் ஒரு தேங்காயை உடைத்தாள். அவள் மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடுகிறவள். காணாமற்போனது அவளுடைய ஆடு. "உங்க சாமியும் கொஞ்சம் தேடட்டும்," என்றாள். யாரோ பிரார்த்தனை பாட ஆரம்பித்தார்கள். பின்னால் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தேன்.

இரண்டு பர்லாங்கு கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புளியமரத்தடியில் விநாயகம் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. திண்டிவனத்து அரிகிருஷ்ணனின் கால்கள்.

"வூட்டுக்கு ஓடக் கூடாதுன்னு சொன்னேன்," என்றார் முதலாளி. "அதுக்காக ஊரையே கூட்டிகினு வரச் சொன்னேனா?"

மாமாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. எனக்கு அக்காவின் அடுப்பு ஞாபகம் வந்தது.

அப்போது பஸ்ஸுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மொதலாளி, இந்த நட்டுக்கு ஏத்த ஸ்பானர் என் பையில இல்ல. திண்டிவனம் போயி எடுத்தாரணும்."

"எந்த நட்டு?" என்றார் மாமா.

"கியர் பெட்டி அடியில, உள்பக்கம்."

மாமா பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கை தானாகப் போய் இடப்பக்கம் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்பானரை எடுத்தது. அதிலிருந்த உப்பை ஊதி, வேட்டியில் துடைத்து, குனிந்து நீட்டினார். உள்ளே நட்டு திரும்புகிற சத்தம் கேட்டது.

"கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு!" என்று அலறினாள் ராயம்மாள். "அந்தோனியாரு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு!" கூட்டம் முழுக்கச் சிலுவை போட்டுக்கொண்டது.

"அவரு இல்ல!" மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அடுக்கினேன்! நாலு நாளா உக்காந்து அடுக்கினேன்! மச்சான், நீயாவது சொல்லேன்!"

நான் சொன்னேன். பி.ஏ. படித்தவன் பேச்சை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"சாமிக்குப் போட்டியாப் பேசாதடா காஸ்பரு," என்றாள் ராயம்மாள்.

அடியிலிருந்து மறுபடி குரல்: "சன்னக் குறடு இருக்குதா?" மாமா கண்ணை மூடினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. குறடு வந்தது. பிறகு அரம் வந்தது, பிளக் ஸ்பானர் வந்தது, ஒரு சின்ன வாஷர்கூட வந்தது. ஆறாவது தடவை கேட்டு வாங்கிய பிறகு அரிகிருஷ்ணன் ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சம்மனசுகளையும் பார்த்தார்.

"மொதலாளி, கேக்கறது நான், எடுத்துக் குடுக்கறது அவரு. இதுக்கு நடுவுல எனக்கு எதுக்குக் கூலி? அவரே படுத்துக்கட்டும்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். மாமா படுத்தார். பொழுது சாய்வதற்குள் வண்டி சுருதி சுத்தமாக உறுமியது.

முதலாளி எஞ்சினுக்குக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வருஷ வேலை உனக்குத்தான். ஆனா இந்தப் பெட்டி இனிமே ரோட்டுக்கு வரக் கூடாது. மாசம் ரெண்டு திருவிழா என் பஸ்ஸு தாங்காது. வண்டி உன் வூட்டுக்கு வரும்."

"சந்துல வண்டி நுழையாதே மொதலாளி."

"அதை நான் பாத்துக்கறேன்."

சந்தைக் குறுக்கிக்கொண்டிருந்தவை ராயம்மாளின் முள்வேலியும் மரியசெல்வியின் முள்வேலியும்தான். பஸ் உள்ளே வரும்போது வாசலுக்கு வாசல் நிற்கும் என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். மூன்றாம் நாள் வேலி இல்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றது. பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இனி அதற்குச் சக்கரமே தேவையில்லை. ஆனால் மாமா முன் சக்கரத்தில் வேலை முடித்ததும் கயிற்றைப் பிடித்துப் பெட்டியை நாலடி இழுத்தார். எஞ்சினைத் திறந்தபோது திரும்ப நாலடி. மத்தியானம் வரை அந்தப் பச்சைப் பெட்டி பஸ்ஸைச் சுற்றிக் கடகடவென்று உருண்டுகொண்டே இருந்தது.

"ஊர்வலம் முடிஞ்சிருந்தா கை கழுவிகினு வாங்க, சோறு ஆறுது," என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"பின் சக்கரம் பாக்கி இருக்குது அமலு," என்று மாமா மறுபடியும் கயிற்றைக் கையில் எடுத்தார்.