தாம்பாளத்தைத் தூக்கிய கை

முதலில் கெட்டுப்போனது வட்டம். எழுபதுகளில் கீழ்பென்னாத்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கரும்பலகையில் ஒரே வீச்சில் நான் போடும் வட்டம் பிரபலம் என்று நானே சொல்லிக்கொள்வேன். ஒருநாள் அந்த வட்டத்துக்குப் பல் முளைத்தது. அதில் தேங்காய் துருவலாம் போலிருந்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கும் கை நடுங்குகிறதென்றால் ஓர் எச்சரிக்கை. நோயைவிட, நோயைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஆபத்தானவர்கள். அவர்களுடைய மருத்துவப் படிப்பு டீக்கடை பெஞ்சிலேயே முடிந்திருக்கும்.

எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் அப்போது கை நடுங்கினால் இரண்டே காரணம். ஒன்று சாராயம், மற்றது சபையில் சொல்லக்கூடாதது. தலைமை ஆசிரியர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார். நான் பேசும்போதெல்லாம் என் வாய்க்கருகே மூக்கைக் கொண்டுவருவார். இரண்டாவதைப் பிடித்தவர், பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து உட்காரும் நரம்புத் தளர்ச்சி வைத்தியர். என் கையை அவர் பார்க்கவே இல்லை. சின்ன வயதில் ஏதாவது தப்பு செய்தீர்களா என்று கேட்டார். கல்யாணத்தைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆறு மாதம் லேகியம் தின்றேன். தொப்பை வந்தது, அதுவும் சேர்ந்து ஆடியது. கணக்கு வாத்தியாரின் அறிவு அவ்வளவுதான்.

செங்கம் ரோட்டு டீக்கடையில், ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும், என் டம்ளர் ஆடுவதைப் பார்த்து எனக்குள் ஏதோ சக்தி இறங்குகிறதென்று கும்பிட்டார். என்னை மதித்தவர் அவர் ஒருவர்தான்.

மகள் வசந்தாவுக்கு வரன் கூடிவந்தபோது விஷயம் முற்றியது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஊரில் விசாரித்துவிட்டு, பெண்ணின் அப்பா குடிகாரர் என்றார். நிச்சயதார்த்தத்தில் நேரில் பார்த்துத்தான் முடிவு என்று சொல்லியனுப்பினார். அன்று பெண்ணின் அப்பா வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த தாம்பாளத்தைச் சபை நடுவில் தூக்கிச் சம்பந்தியோடு மாற்றிக்கொள்ள வேண்டும். பரீட்சை என் கைக்கு. தோற்றால் போவது அவள் கல்யாணம்.

பயந்துபோய் வேலூருக்கு ஓடினேன். நரம்பியல் மருத்துவர் கையை மடியில் வைக்கச் சொன்னார். அசையவில்லை. டம்ளருக்கு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மேஜை நனைந்தது. அப்பாவுக்கு இப்படி உண்டா என்று கேட்டார். அப்பாவின் தலை சதா 'இல்லை, இல்லை' என்று ஆடும். அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கடைசிவரை அவரோடு சண்டை போட்டவர்கள் நாங்கள்.

எசென்ஷியல் ட்ரெமர் (வேறு நோயில்லாமல், பெரும்பாலும் பரம்பரையாக வரும் நடுக்கம்) என்றார். பார்க்கின்சன் (உடல் இறுகி, கை சும்மா இருக்கும்போதும் நடுங்கும் நோய்) அல்ல.

"அதைவிட இதுதான் ஜாஸ்தி. உங்க ஊர்லயே நிறைய பேருக்கு இருக்கும். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அவ்வளவுதான்."

மாத்திரை (படபடப்பைத் தணிப்பது) நடுக்கத்தைக் குறைக்கும், தீர்க்காது என்றார். கொஞ்சம் மது உள்ளே போனால் சிறிது நேரம் அடங்கும், ஆனால் அந்த வழிக்குப் போகாதீர்கள் என்றும் சொன்னார். குடிக்காமலே குடிகாரன் என்று பேர் வாங்கியவனுக்கு உலகம் வழங்கிய நியாயம் இது.

நிச்சயதார்த்தக் காலையில் மைத்துனன் பிராந்தியோடு வந்தான். "ஒரே ஒரு மடக்கு மாமா. வசந்தாவுக்காகத்தான் சொல்றேன்." ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மோப்பம் பிடிக்கப் பெரியப்பா வந்திருந்தார். வேண்டாமென்றுவிட்டேன்.

தாம்பாளத்தைத் தூக்கினேன். மாத்திரை போட்டும், ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு பெரியப்பாவின் காலடிக்கே போனது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அவர், சபையைப் பார்த்து.

"குடிச்சிருந்தா ஆடியிருக்காதுங்க," என்றேன். "இது பரம்பரை நடுக்கம். கொஞ்சம் குடிச்சா அடங்கிடும்னு வேலூர் டாக்டரே சொன்னாருங்க. சீட்டு பையில இருக்குது."

சம்பந்தி தன் அண்ணனின் கைகளை ஒருமுறை பார்த்தார்.

"அதானா விஷயம்? எங்க அண்ணன் கை இதுவரைக்கும் நடுங்கி நான் பார்த்ததே இல்ல," என்றபடி தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். சபை சிரித்து அடங்க நேரமானது. பெரியப்பா மட்டும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தா இப்போது போளூரில், அந்தச் சம்பந்தி வீட்டு மருமகளாக இருக்கிறாள். நடுக்கம் என்னோடு இருக்கிறது. முன்பெல்லாம் யாரும் பார்ப்பதற்குள் எதையும் முடித்துவிட அவசரப்படுவேன். அந்த அவசரம்தான் நடுக்கத்துக்குத் தீனி. இப்போது பாதி டம்ளர் காபி வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, ஊர் பார்க்க மெதுவாகக் குடிக்கிறேன். ஆறிப்போகிறது. போகட்டும்.