பெயரைச் சொல்லாத தங்கை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரியில், என் வயிற்றில் இருந்த இரண்டாவது குழந்தை தங்கவில்லை. மூன்றாம் மாதம். கணவர் என்னைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தார். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. அவளை யாரிடம் விடுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தெருக்கோடி வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுப் போனோம்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தாம். அந்த ஆன்ட்டி ருமேனியாக்காரர். வீட்டிலேயே டேகேர் நடத்தினார். தமிழ், தெலுங்குப் பிள்ளைகள் அவர் கிண்டிய சோளமாவுக் களியைத் தின்று வளர்ந்தார்கள். உப்புமாவைக் கண்டாலே ஓடும் என் மகள் அந்தக் களியை வழித்துத் தின்பாள். ஆன்ட்டிக்கு அறுபது தாண்டியிருக்கும். அவர் பேசுவது திக்கித் திணறும் ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

வீடு திரும்பிய மறுநாள் மகளை அழைத்துவரப் போனேன். ஆன்ட்டி என்னை சோபாவில் உட்காரவைத்து, கால்மேல் போர்வையைப் போர்த்தினார்.

“ஆஸ்பத்திரியில உன்கிட்ட ஏதாவது கேள்வி கேட்டாங்களா?”

“இன்சூரன்ஸ் கார்டு கேட்டாங்க ஆன்ட்டி.”

“அது இல்ல. யார் பண்ணி விட்டதுன்னு கேட்டாங்களா?”

எனக்குப் புரியவில்லை. “யாரும் பண்ணல. தானா ஆயிடுச்சு.”

“கட்டில் பக்கத்துல யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?”

“என் ஹஸ்பண்ட்தான்.”

அதைக் கேட்டதும் அவர் முகம் குலைந்துபோயிற்று. பிள்ளைகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மதியம்தான் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார்.

அக்காவான ஆன்ட்டியும் தங்கையும் ருமேனியாவில் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். நாடு முழுவதும் ஒருவன் சொல்லுக்கு நடுங்கிய காலம். பாலுக்கு வரிசை, முட்டைக்கு வரிசை, குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கோட்டு. இத்தனைக்கும் நடுவில், பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். கருவைக் கலைத்தால் சிறை. கருத்தடை மாத்திரை கடையில் கிடைக்காது. ஆலைக்கே மருத்துவர் வந்து, பெண்களை வரிசையில் நிற்கவைத்து, யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.

“எங்க உடம்பு எங்களோடது இல்ல. ஆலை மெஷின் மாதிரி, அதுவும் கவர்மென்ட் சொத்து,” என்றார்.

தங்கைக்கு ஏற்கெனவே ஒரு மகன். பெண் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மறுபடியும் உண்டானபோது, இன்னொரு வாய்க்குச் சோறு ஏது என்று அக்காவிடம் வந்து அழுதாள். ஊரின் மறுகோடியில் ரகசியமாகக் கலைத்துவிடும் ஒருத்தி இருப்பது அக்காவுக்குத் தெரியும். கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அக்காதான்.

சில நாட்களில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டு, ரத்தம் நிற்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டிலருகே ஓர் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். யார் கலைத்தது, யார் கூட்டிப்போனது, பெயரைச் சொன்னால்தான் வைத்தியம் என்றான். மருத்துவர் சுவரோரம் கைகட்டி நின்றார். பெயரைச் சொன்னால் அக்காவுக்கு ஜெயில் என்பது தங்கைக்குத் தெரியும்.

“நான் வாசல்லயே நின்னேன். அவ என்னைப் பார்த்தா. ஒண்ணும் பேசல. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டா. நான் உள்ள போய், ‘நான்தான் கூட்டிட்டுப் போனேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டர் அவளைத் தொட்டிருப்பார். கால் நகரல.”

தங்கை பிழைக்கவில்லை. பையனை அவன் தகப்பன் வைத்துக்கொண்டான். பெண் குழந்தையை ஆன்ட்டி எடுத்து வளர்த்தார். ஆட்சி கவிழ்ந்தபோது தெருவில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். தான் மட்டும் குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டதாகச் சொன்னார். பிறகு குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அமெரிக்கா வந்து, கிரீன் கார்டு கிடைத்ததும் அவளையும் வரவழைத்தார். அவள் படித்து, டாலஸில் நர்ஸ் ஆகிவிட்டாள்.

“அவளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன்.

“அம்மா நிமோனியாவுல போயிட்டான்னு சொல்லி வளர்த்தேன்.”

வீட்டில் கணவரிடம் சொன்னேன். “இத்தனை வருஷம் ஹைட் பண்ணிட்டு இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? பாவம், அந்தப் பொண்ணுதான் அப்செட் ஆவா,” என்றார். அப்போது அது எனக்கும் சரியாகவே பட்டது.

ஈஸ்டருக்கு அந்தப் பெண் வந்தாள். உயரமானவள், ஆன்ட்டியின் தோளில் கைபோட்டபடி எங்கள் வீட்டைத் தாண்டி நடந்து போனாள். அடுத்த நாளே அவள் வாடகைக் காரில் ஏர்போர்ட் கிளம்புவதைப் பார்த்தேன். மாலையில் நான் போனபோது ஆன்ட்டி சமையல் மேடையருகே நின்றிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஈஸ்டர் ரொட்டி வெட்டப்படாமல் இருந்தது.

“சொல்லிட்டேன். எல்லாத்தையும்.”

“அவ என்ன சொன்னா ஆன்ட்டி?”

“‘சொல்லியிருக்கணும்’னா. அவ்வளவுதான். பெட்டியை எடுத்துட்டா.” அடுப்பை ஒரு துணியால் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. “எதைச் சொல்றா? அன்னைக்கு அந்த ஆள்கிட்டயா, இத்தனை வருஷத்துல அவகிட்டயா? நீயும் ஒரு பொண்ணுக்கு அம்மா, நீ சொல்லு.”

இரண்டையும்தான் என்று எனக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது? அவர் கையிலிருந்த துணியை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றேன்.

அந்த அதிகாரி அதன்பின் என்ன ஆனான் என்று ஒருமுறை கேட்டேன். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அதே ஊரில் நெடுநாள் இருந்தானாம். கேள்வி கேட்டவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அவனுக்குப் பயந்து வாசலில் நின்றவர்தான் இன்னும் அந்தப் பழியைச் சுமக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

போன வருடம் டாலஸில் அந்தப் பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறந்தது. ஃபோனில் படம் அனுப்பியிருந்தாள். ஆன்ட்டி இளமஞ்சள் கம்பளியில் சட்டை பின்னத் தொடங்கினார். டெக்சாஸ் வெயிலில் யார் போடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்சல் போய்ச் சேர்ந்தது. நன்றி என்று ஒரு மெசேஜ் வந்தது. வா என்று வரவில்லை.