பூச்சிக்குத் தையல் பிரிக்கும்வரை

பூச்சியின் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூம்பைப் பார்த்ததும் மதினி பையை வாசலிலேயே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, கோயில் கொடைக்குக் கட்டுத ரேடியோக் கொழாயையா நாய் கழுத்துல மாட்டி வச்சிருக்க?" மதினி என் அண்ணன் மனைவி. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி வந்திருந்தாள். என் நாய் பூச்சிக்கு முந்தின நாள்தான் கருத்தடை ஆபரேஷன் முடிந்திருந்தது. நாய்க்காக லீவு கேட்டால் நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதனால் தையல் பிரிக்கும்வரை பகலில் துணைக்கு இருக்கச் சொல்லி மதினியை வரவழைத்திருந்தேன்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். தையலை நக்கவிடக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கூம்பு. ஓடக் கூடாது, படியேறக் கூடாது, வெளிக்குப் போனாலும் கயிறு கையில் இருக்க வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. படுக்கிற துணி ஈரமில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். தையல் சிவந்தாலோ வீங்கினாலோ நீர் கசிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். மஞ்சள், எண்ணெய் என்று எதையும் அப்பக் கூடாது. வலிக்கு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த மதினி மாத்திரையில் நின்றுவிட்டாள்.

"நாய்க்கு வலிக்கும்னு அந்த டாக்டருக்கு எப்படிட்டி தெரிஞ்சுது? அது வாயைத் தொறந்து சொல்லிச்சா?"

கேலி என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மதினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். ஆணுக்குச் செய்தால் அது இன்னும் சின்ன வேலை என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அண்ணன் ஆம்பளை, அவன் உடம்பில் கத்தி படலாமா? கனம் தூக்க விடாதீர்கள், நல்லா ஓய்வு எடுக்கட்டும் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். அம்மா அங்கே பெரிய மனுஷியாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "ஊரு ஒலகத்துல இல்லாத ஆப்ரேசனா? எந்திச்சு நடமாடுனாத்தான் ஆறும்" என்றாள். ஐப்பசி மழை பெய்து உளுந்துக் காட்டில் களை மண்டிக் கிடந்தது. நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், அடி வைக்க வைக்க மண் அப்பிக்கொண்டு கால் கல்லாகக் கனக்கும். அந்தக் காலை இழுத்து இழுத்து மதினி களை எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அவள் வயிற்றுப் பக்கம் சேலையில் நீர் கசிந்திருந்ததைப் பார்த்தேன். சீழ் வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இன்றைக்கும் குனிந்து நிமிர்ந்தால் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அதற்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். அண்ணன் உயிரோடுதான் இருக்கிறான், அவனைத் திட்ட ஒரு தடையும் இல்லை.

மதினி தன் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் பூச்சிக்கு விரித்தாள். கூம்பு இடித்துத் தண்ணீர்ச் சட்டி கவிழும்போதெல்லாம் திட்டிக்கொண்டே துடைத்தாள். மாத்திரையைத் தயிர்ச்சோற்று உருண்டைக்குள் மறைத்துக் கடைசி வாயாக ஊட்டினாள். நாய் எழுந்து துள்ளப் பார்த்தால், "படுட்டி. ஒன்னை எவ களை வெட்டக் கூப்பிட்டா?" என்று அதட்டுவாள்.

இந்த வருஷத்து ஐப்பசி மழை, பூச்சிக்குத் தையல் பிரிக்கும் முன்பே விட்டது. அண்ணன் சக்கரமெல்லாம் கரிசல் அப்பிய பைக்கில் வந்து இறங்கினான். நாயைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"காட்டுல களை மண்டிக் கெடக்கு. கூலிக்கு ஒரு ஆளு கெடைக்கலை. கெளம்புட்டி."

மதினி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூச்சி அவள் தொடையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னால் சோற்றுக் கையோடு எழுந்து போகிறவள் அவள். அன்றைக்கு அசையவில்லை.

"தையல் பிரிக்கட்டும். பெறவு வாரேன்."

"ஒரு நாய்க்காகவா?"

"வயித்தைக் கிழிச்சுத் தச்சிருக்குல்லா? நான் எந்திச்சா அது பின்னாலயே ஓடியாரும். நீங்க போங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏட்டி, நீயாவது எடுத்துச் சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? மதினி சொல்லுதாவள்லா."

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும்போல மதினியைப் பார்த்துக் காபி கேட்டான். அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அடுப்படி அங்கனதான் இருக்கு. போட்டுக் குடிச்சிட்டுப் போ," என்றேன் நான்.