ஓர்ஸ் ஹில் வீட்டுச் சுவரில் இரண்டு கோடுகள்

சண்டைதான் நின்றிருக்கிறதே, திருகோணமலைக்குப் போய்க் குடும்ப வீட்டைத் திருத்தலாமா என்று வெளிநாட்டில் இருக்கும் பலர் எழுதிக் கேட்கிறீர்கள். நான் போய் மூன்று கிழமை தங்கி ஒரு வீட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போகலாம். ஆனால் இதை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள்.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் கொழும்பில் என் பிழைப்பு. கனடாவில் இருக்கும் நண்பன் ராஜன் தொலைபேசியில் பிடித்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் மேட்டில் அவனுடைய அக்கா சகுந்தலா தனியாக இருக்கிறாராம், கூரை ஒழுகுகிறதாம், மாரி மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். "வீட்டின்ரை முகம் மட்டும் மாறக்கூடாது மச்சான்" என்றான். முகத்தை மாற்றுகிறவர்கள் வேறு ஆட்கள், நான் இல்லை என்று சொல்லிவிட்டுப் புரட்டாதி முதல் கிழமை புறப்பட்டேன்.

புறக்கோட்டையில் காலை ஆறு மணி பஸ், கட்டணம் 150 ரூபா, தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணை தாண்டிய பிறகு மூன்று இடங்களில் இறக்கிச் சோதித்தார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்று என் பையில் இருந்தது. அதை ஒரு சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சோதனைச் சாவடித் தூணில் தொங்கவிட்டுக் காட்டிய பிறகுதான் விட்டான். தூண் கோணலாக இருந்ததை நான் சொல்லவில்லை. உங்கள் சாமான்களைப் பையின் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி மூன்று. ஓட்டோவுக்கு அறுபது ரூபா. வீட்டு அடையாளத்தைச் சொன்னதும் சாரதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ரீச்சரின்ரை வீடோ? அங்கை ரெண்டு பேர் எல்லோ இருக்கினம்?"

"இல்லை, அக்கா தனியத்தான்."

"பொழுதுபடேக்கை அந்தப் பக்கத்தாலை போவன் அண்ணை. ஒவ்வொரு நாளும் ஆரோ உள்ளை போறமாதிரி முன்கதவு திறந்து மூடுற சத்தம் கேக்கும்."

வீடு அருமையான வீடு. கள்ளிக்கோட்டை ஓடு, சிவப்புச் சீமெந்துத் தரை, மரச்சட்டம் வைத்த யன்னல்கள். துறைமுகத்தைப் பார்த்த யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒன்றைத் தள்ளித் திறந்தேன். கீழே உள்துறைமுகத்தில் ஒரு தோணிகூட இல்லை, காகம்கூடக் கத்தவில்லை. திரும்பவும் சாத்திவிட்டேன்.

சகுந்தலா அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் காலை, சீனன்குடாவுக்கு வேலைக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. இதை ராஜன் எனக்கு முன்பே சொல்லியிருந்தான். இருள் விழுந்ததும் நான் சுவிட்சில் கை வைத்தேன். "போடாதீங்கோ தம்பி" என்றார். வெளிச்சம் தெரிந்தால் துறைமுகத்திலிருந்து சுடுவார்கள் என்று இருந்த காலத்துப் பழக்கம். இருட்டிலேயே சாப்பிட்டேன். மீன் எது, முருங்கைக்காய் எது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் கிண்ணியாவிலிருந்து மேசன் நஸீர் வந்தார். முன்கதவிலிருந்து சமைக்கிற குசினி வரை ஒரு நீண்ட நடை. அதன் இடப்பக்கச் சுவரில் உப்புப் பூத்து, தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டது. "சேர், இது மழைக்குத் தாங்காது. காரையை முழுசா உடைக்கணும்" என்றார். கூரையைத் தாங்குகிற பெரிய உத்தரமான தீராந்தி அந்தச் சுவரில்தான் ஏறி நிற்கிறது.

அப்போதுதான் கோடுகளைப் பார்த்தேன். நாலு விரல் அகலத்தில், சுவர் நெடுக, எண்ணெய் பிடித்து மினுங்குகிற இரண்டு கோடுகள். ஒன்று அக்காவின் தோள் உயரம். மற்றது அதற்கு ஒரு சாண் மேலே, என் தோள் உயரம்.

"விளக்குக் கொளுத்த ஏலாத நாளையிலை சுவரைப் பிடிச்சுத்தான் நடந்தனாங்கள். கீழை இருக்கிறது என்ரை. மேலை இருக்கிறது அவரின்ரை" என்றார் அக்கா.

"சுவருக்கு வெள்ளை அடிக்கிறேல்லையோ?"

"ஏன் இல்லை? ஒவ்வொரு பொங்கலுக்கும் அடிக்கிறனான். இந்த முறையும் அடிச்சனான்."

அப்படியானால் இரண்டு கோடுகளும் தைக்குப் பிறகு வந்தவை. நஸீர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்று முழுவதும் அவர் அந்த நடையில் தனியாக நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை, சொல்வதற்கு வெட்கம் இல்லை.

மாலையில் விடை தெரிந்தது. மங்கலில் அக்கா குசினியிலிருந்து கீழ்க்கோட்டில் கை வைத்து நடந்துபோய் முன்கதவைத் திறந்தார். வெளியே போய் நின்றார். திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தி, கையை உயரத் தூக்கி, மேல்கோட்டில் வைத்து, நீட்டு நீட்டாக அடி வைத்துக் குசினிக்கு நடந்தார். அது அவருடைய நடை இல்லை. நான் கதிரையில் இருந்தபடியே பார்த்தேன்.

"வெள்ளை அடிச்சாச் சுவர் சொரசொரத்துப் போகும். பிறகு இருட்டிலை வாறவருக்குக் கை வழுக்கி வராது. அதுதான் மேலையும் தடவி வைக்கிறனான்" என்றார் பிறகு, எனக்குத் தேத்தண்ணி தந்தபடி. "கூரையைச் செய்யுங்கோ தம்பி. அந்தச் சுவரிலை கை வைக்க விடமாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, மாரிக்கு இது இடிஞ்சு உங்கடை தலையிலை விழும். அவர் வந்தாலும் கதவு திறக்க ஆள் இராது" என்றேன். அவர் எழுந்து போனார். விடிந்ததும் வந்து, "உடையுங்கோ. ஆனால் பூசின அண்டைக்கு நீங்கள் எனக்கு ஒண்டு செய்து தரோணும்" என்றார்.

உடைத்தோம். சீமெந்து ஒரு சட்டிகூடச் சேர்க்காமல், பழைய மாதிரியே சுண்ணாம்புச் சாந்தால் பூசினோம். பூசி முடித்த மாலை, ஈரம் காயுமுன், அக்கா என்னை வாசலுக்கு வெளியே போகச் சொன்னார். "உங்களுக்கு அவரின்ரை உயரம்" என்றார்.

வெளியே நின்றேன். துறைமுகம் கறுத்துக் கிடந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்து, சாத்தி, ஈரச் சுவரில் கையை அழுத்திப் பிடித்து நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. நடை முடிகிற இடத்தில் குரல் கேட்டது.

"வந்திட்டீங்களோ?"

அந்தக் குரலில் அக்கா என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. "ஓம்" என்றேன்.

"கால் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது."

கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினேன். போட்ட சோற்றை இருட்டில் இருந்து சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்து, அவ்வளவு பவ்வியமாக நான் சாப்பிட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: மாரிக்கு முன் போங்கள். துறைமுகப் பக்கம் படம் எடுக்காதீர்கள். உப்புப் பிடித்த பழைய சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள், சுண்ணாம்பை ஒரு கிழமையாவது ஊறவிடுங்கள். எந்தக் கறையையும் வீட்டாரைக் கேட்காமல் சுரண்டாதீர்கள். அது கறை இல்லாமல் இருக்கலாம்.

சுண்ணாம்புப் பூச்சு இறுக நாள் எடுக்கும். புறப்படும்போது, அதுவரை சுவரில் வேறு யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஆர் இருக்கினம் தம்பி, வைக்கிறதுக்கு?" என்றார்.