பையோடு நட்ட மாங்கன்றுகள்

மாமா பையைக் குடித்த அன்றுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

குடித்தார் என்று நான் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. மாமா, அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு பை கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்பில் டீக்குக் கொதித்த தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டார். காய்கறிக் கடையில் தருவது போன்ற ஒரு பையின் மூலையைக் கிழித்து அதற்குள் போட்டு, ஸ்பூனால் கலக்கினார். தண்ணீர் கஞ்சி போல வெளுத்தது, பை காணாமல் போனது. ஊதி ஊதிக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

“குச்சிக்கிழங்கு மாவுல செஞ்சது அக்கா. மண்ணுல போட்டா மண்ணாப் போயிடும்.”

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பள்ளியில் இதைச் சொன்னால் யார் யார் நம்புவார்கள் என்று மனதுக்குள் ஆள் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா காலி டம்ளரைக் கையில் வாங்கி அதன் அடியையே பார்த்தாள்.

“அப்ப செடி நடறப்ப கவரக் கிழிக்கவே வேணாமேடா?”

மாமா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, கம்பெனியில் யாருக்குமே தோன்றாத விஷயம் இது என்று அக்காவைப் புகழ ஆரம்பித்துவிட்டார்.

அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. குந்தாரப்பள்ளிக்குப் போகும் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு மானாவாரிக் கொல்லை இருந்தது. போர்வெல் வற்றி, அப்பா போச்சம்பள்ளியில் ஷிப்ட் வேலைக்குப் போகத் தொடங்கியபின் அது சும்மாவே கிடந்தது. மனை புரோக்கர் ஒருவர் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் அப்பாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். மாந்தோப்பு வைக்கலாம் என்றாள் அம்மா. அப்பா கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்: கன்றுகள் ஒரு கோடையைத் தாண்டிவிட்டால் கொல்லை நமக்கு, தாண்டாவிட்டால் சாலையோரப் பாதி புரோக்கருக்கு. முன்பு ஒருமுறை நர்சரியில் வாங்கி நட்டபோது, கவரைக் கிழிக்கையில் மண்கட்டி உதிர்ந்து வேர் அறுந்து பாதிக் கன்றுகள் போயிருந்தன. அதனால்தான் அந்தக் கேள்வி.

கவர் என்றாலே அம்மாவுக்கு ஆகாது. சந்தை கலைந்தபின் அடிக்கிற காற்று, சந்தையின் கவர்களை எல்லாம் எங்கள் முள்வேலியில் கொண்டுவந்து மாட்டிவிடும். டிராக்டர் ஓட்டினால் மண்ணுக்குள்ளிருந்து பழைய கவர்கள் கந்தல் துணி போலக் கிழிந்து வரும். மழை பெய்தால் தண்ணீர் அவற்றின் மேல் தேங்கி நிற்கும், அடியில் மண் புழுதியாகவே கிடக்கும். மாமா வரும்போதெல்லாம் தானாகவே அவற்றைப் பொறுக்குவார். ஒன்றை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, “இது எங்க மெஷின்ல ஓட்டுனதாட்டம் இருக்குது” என்பார். ஏனென்றால் அதற்கு முன் அவர் வேலை பார்த்ததே பிளாஸ்டிக் கவர் கம்பெனியில்தான். அரசு தடை போட்டதும் அது மூடப்பட்டது. டீக்கடையில் சிநேகிதர்கள் அவரை ‘சாக்கடை அடைப்பு’ என்று கூப்பிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவர், மரவள்ளிக் கிழங்குப் பை கம்பெனி சேர்த்துக்கொண்ட பிறகுதான் தலைநிமிர்ந்து நடந்தார். அவர்கள் கொடுத்த பச்சைச் சட்டையை ஞாயிற்றுக்கிழமையிலும் போட்டுக்கொண்டுதான் வருவார்.

ஆடியில் மாங்கூழ் ஆலைகளின் பின்புறம் கொட்டைகள் மலையாகக் கிடக்கும். அம்மாவும் நானும் சாக்கில் அள்ளி வந்தோம். அச்சு சரியாக விழாத பைகளை மாமா கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தார். அம்மா கோணி ஊசியால் அவற்றின் அடியில் ஓட்டை போட்டாள். நான் மண்ணும் எருவும் நிரப்பி ஒவ்வொரு பைக்கும் ஒரு கொட்டை ஊன்றினேன். செந்தளிர் விட்டபோது அம்மா என்னைத் தொடக்கூட விடவில்லை. இதில் பிறகு ஒட்டுக் கட்டலாம், முதலில் வேர் பிடிக்கட்டும் என்றாள்.

ஐப்பசி மழையில் எல்லாவற்றையும் பையோடு நட்டோம். அதுவரை தினமும் தண்ணீர் ஊற்றியும் பைகள் நைந்துபோகவே இல்லை. என்ன உறுதி பார் என்று வியந்தோம். கொதிக்கிற தண்ணீரில் கரைந்ததைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம் என்பதும், கொல்லைக்கு யாரும் கொதிநீர் ஊற்றப்போவதில்லை என்பதும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாசியில் இலைகள் பழுத்தன. அம்மா குடத்துக்கு மேல் குடம் ஊற்றினாள். பங்குனியில் குச்சிகளாகிவிட்டன. ஒரு காலையில் களைக்கொத்தியால் ஒன்றைத் தோண்டி எடுத்தாள். பை அப்படியே இருந்தது. மேல்விளிம்பு மட்டும் வெயிலில் மொடமொடத்திருந்தது. உள்ளே வேர், போக இடமில்லாமல் பையின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தது. ஊசி ஓட்டைகளில் நூல்போல வெளியே எட்டிப் பார்த்தவை காய்ந்திருந்தன.

மாமா நம்மிடம் பொய் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன்.

“அவன் பாத்ததத்தான் சொன்னான், கண்ணு” என்றாள் அம்மா.

அன்று முழுக்க வெயிலில் நின்று ஒவ்வொன்றாகத் தோண்டி, பையைக் கிழித்துத் திரும்ப நட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை. அப்பா கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். “செடி வளக்கத் தெரியாதவ தோப்பு வெக்கப் போயிட்டா” என்றார். அம்மா ஏதாவது பேசுவாள் என்று பார்த்தேன். அவள் குழம்பு ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு மாமா பச்சைச் சட்டையில் வந்தார். காய்ந்த குச்சிகளைப் பார்த்து அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

“தண்ணி பத்தலடா தம்பி. வெயிலும் ஜாஸ்தி” என்றாள் அம்மா.

“பரவால்லக்கா. அடுத்த வருசம் இன்னும் நெறைய பை கொண்டாரன்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா உடனே என்னைப் பால் வாங்கக் கடைக்கு அனுப்பினாள். அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி, அதோடு பொய்க்காரி என்று போகும் வழியிலேயே முடிவு கட்டிவிட்டேன். சாலையோரப் பாதி அந்த வைகாசியிலேயே மனைகளானது. மஞ்சள் பூசிய கற்கள் நட்டார்கள்.

இப்போது நான் கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். அந்தப் பை மக்குவதற்கு, குவித்து வைத்த எருவின் சூடும் விடாத ஈரமும் வேண்டும். எங்கள் காய்ந்த செம்மண்ணில் இரண்டுமே இல்லை. இதைப் பாடத்தில் புரிந்துகொள்ள ஒரு மாலை போதுமானதாக இருந்தது. அம்மாவைப் புரிந்துகொள்ளத்தான் இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. தம்பி தலைநிமிர்ந்து போட்டுக்கொண்டு வந்த அந்தச் சட்டைக்காக, செடி வளர்க்கத் தெரியாதவள் என்ற பெயரைத் தன்மேல் வாங்கிக்கொண்டாள் அவள். இன்றுவரை அப்பா அதைச் சொல்லிக் காட்டுகிறார், இன்றுவரை அவள் மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் அந்த மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா எதிர்வரிசைப் பெண்களிடம், மாங்கன்றோ தக்காளி நாற்றோ, தங்கள் கம்பெனிப் பையில் வளர்த்தால் கிழிக்காமல் அப்படியே நட்டுவிடலாம் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் எத்தனை பை கிடைக்கும் என்று கேட்டாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவங்கிட்ட சொல்லு. ஊரு முன்னால வெச்சி சொல்லாத” என்றாள்.

மிச்சமிருக்கும் பாதிக் கொல்லையில் இடம் பார்த்துவிட்டேன். மாமாவின் பை, சணல் சாக்கு, சாணத்தால் பிடித்த தொட்டி என்று மூன்றிலும் கன்று வளர்த்து ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றப்போகிறோம். அவ்வப்போது தோண்டிப் பார்ப்போம். எருக்குழியிலும் மாமாவின் பைகள் சிலவற்றைப் புதைக்கப்போகிறேன். அந்தப் பை எங்கே மக்கும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும், அதற்கும் ஒரு நியாயம் கிடைக்க வேண்டும். ஓட்டைகளைப் பெரிதாக்கினால், அடியை வெட்டிவிட்டால் என்னவாகும் என்று இப்போதே கேள்விகள் முளைக்கின்றன. மெஷின் ஓட்டுகிறவருக்கு என்னைவிட நல்ல பதில்கள் தோன்றலாம்.

வரும் ஞாயிறு மாமாவை வரச் சொல்லியிருக்கிறேன். கொல்லையில் நாங்கள் இருவர் மட்டும்தான். முதல் குழியை அவரே வெட்டட்டும். வெட்டி முடித்து அவர் வியர்வையைத் துடைக்கும்போது, அந்தப் பங்குனியில் அம்மா தோண்டி எடுத்த முதல் கன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.